எந்தக் கதிரையில் இருந்து பார்ப்பது?



சென்ற மாதம் சேமிப்புக் கொப்பி எழுதும் முறை பற்றி இப்பக்கத்தில் எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் அனுப்பியிருந்தார். "சேமிக்கச் சொல்லித் தருகிறீர்கள், நல்லது. சேர்த்த காசில் ஒரு நாள் போய் ஒரு நாடகம் பார்த்தால் அது பிழையா?" என்று கேட்டிருந்தார். அதன் கீழே பென்சிலால் இன்னொரு வரி: "போனால் எந்த ரிக்கற் எடுப்பது என்றும் எழுதுங்கள். போன முறை காசு கொடுத்து ஒரு தூணைப் பார்த்துவிட்டு வந்தேன்."

முதல் கேள்விக்குப் பதில்: பிழையே இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. ஏனென்றால் நானும் ஏமாந்திருக்கிறேன். நான் ஏமாந்தது மட்டுமல்லாமல், என்னை நம்பி வந்த பதினெட்டுப் பேரையும் ஏமாற வைத்திருக்கிறேன்.

2018ஆம் ஆண்டு எமது சேமிப்புக் குழுவினர் வாரம் ஐம்பது ரூபா வீதம் ஒரு வருடம் சேர்த்து, ஒரு நாட்டிய நாடகம் பார்ப்பதற்கு வெளியூர் போனோம். ஊரையும் மண்டபத்தையும் இங்கு எழுதவில்லை. பிழை அதிகம் என்னுடையது. ரிக்கற் எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. தொலைபேசியில் கேட்டேன். "எல்லாம் நல்ல இடம்தான் மிஸ்" என்றார்கள். அப்படியானால் மலிவானதையே தாருங்கள் என்றேன். பதினெட்டு ரிக்கற்றும் ஒரே விலை, ஒரே பக்கம். மண்டபத்தின் வலது ஓரம், முன்னால் மூன்றாம் நான்காம் வரிசைகள். முன்வரிசை மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழ்ந்தேனே தவிர, ஏன் மலிவு என்று யோசிக்கவில்லை.

அந்த ஓரத்தில்தான் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டி வைத்திருந்தார்கள். விளக்குகள் அணைந்து, போர்க்காட்சிக்கு முரசு அதிர்ந்ததும் எமது குழுவில் ஒரு தங்கச்சி கதிரையை விட்டுக் கீழே இறங்கித் தரையோடு தரையாகக் குந்திவிட்டா. இரண்டு கைகளும் காதில். அவவைக் கைபிடித்து இருட்டில் பத்துப் பேரின் முழங்கால்களைத் தாண்டி வெளியே கொண்டு வந்தேன். மிச்ச நேரம் முழுக்க நாங்கள் இருவரும் மண்டபத்துப் படியில் இருந்து பிளேன் ரீ குடித்தோம். நாடகம் என்ன கதை என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது.

அது மட்டுமல்ல. எமது மூத்த அக்கா ஒருவருக்குச் செல் விழுந்த நாளிலிருந்து இடது காது கேளாது. வலது ஓரத்தில் இருந்தால் மேடை இடப்பக்கம் வரும். அதாவது கேளாத காதை மேடைக்குக் கொடுத்து, கேட்கும் காதைச் சுவருக்குக் கொடுத்து அவரை இருத்தியிருக்கிறேன். இன்னொருவர் செயற்கைக் கால் போட்டவர். காலை நீட்ட முடியாமல் நடு வரிசையில் இரண்டரை மணித்தியாலம். இவர்கள் யாரும் என்னிடம் குறை சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் "நல்லா இருந்தது பிள்ளை" என்றார்கள். அதுதான் எனக்கு மிகவும் சுட்டது. எமது பெண்கள் கிடைத்ததற்கு நன்றி சொல்லப் பழகிவிட்டார்கள். காசு கொடுத்த இடத்திலும் நன்றிதான் சொல்கிறார்கள்.

அதன் பிறகு நான் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டதைத்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

எங்கள் அம்மம்மாமார் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கிழக்கில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடியது வட்டக்களரியில். வெட்டையில் வட்டமாக மண்ணைச் சற்று உயர்த்திக் கட்டி, அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்பார்கள். கூத்தர் சுற்றி ஆடி வருவார். சனம் நான்கு பக்கமும் இருக்கும். ஆடுபவர் எல்லாப் பக்கமும் சுற்றி வருவதால் எந்தப் பக்கம் இருந்தவருக்கும் முகமும் கிடைக்கும், முதுகும் கிடைக்கும். பொழுது சாயும் முன்னரே பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடிப்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, பெற்றோமாக்ஸ் வெளிச்சம் கண்ணில் அடிக்குமா, நித்திரை வந்தால் பிள்ளைகளைக் கிடத்த இடம் உண்டா என்றெல்லாம் பார்த்துத்தான் பாய் விழும். முதல் நாள் அரங்கேற்றம் பார்த்தவர்கள் கிணற்றடியில் சொல்வதைக் கேட்டு இரண்டாம் முறை பார்ப்பவர்கள் இடம் மாற்றுவார்கள். பார்த்தவர் சொல்லைக் கேட்டு இடம் தெரிவு செய்யும் வழக்கம் எமக்குப் புதிதல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்தக் காலத்தை ஒரேயடியாகப் புகழவும் வேண்டாம். பெண்களுக்கென்று ஒரு பக்கம், அதிலும் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய ஊர்களும் இருந்தன. சமூகவியல் படித்த நாட்களில் இதை ஒரு கட்டுரையாக எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். என் அம்மம்மாவுக்கோ அது கட்டுரை அல்ல.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவர்களை வைத்துக் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து ஒரு மாலைப்பொழுதுக்குள் சுருக்கப்பட்டு, படச்சட்ட மேடைக்கு வந்தது. இராவணேசனில் இராவணனாக ஆடியவர் பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு. கூத்தை மதிப்போடு பார்க்க வைத்த பெரிய பணி அது. ஆனால் பார்ப்பவர் பக்கமிருந்து யோசித்தால் ஒன்று புரியும். நான்கு பக்கமும் ஆடிய கூத்தர் அன்றிலிருந்து ஒரு பக்கம் பார்த்து ஆடத் தொடங்கினார். முன் பக்கம், ஓரம், பின்னால், மேல்மாடி என்ற பேதம் அப்போது கூத்துக்கும் வந்தது. நல்ல கதிரை, கூடாத கதிரை என்பவை வந்தன. அதற்கு விலையும் வந்தது.

படமாளிகையில் அந்தப் பேதம் முன்பே இருந்தது. பட்டினத்து நெல்சனில் படம் பார்த்து வளர்ந்த மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கலரி, இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு, பல்கனி என்று சொல்லிக்கொண்டு போவார்கள். படத்தில் கலரி என்றால் திரைக்கு முன்னால் கழுத்தை அண்ணாந்து இருப்பது. முன்னால் இருப்பது மலிவு, பின்னால் போகப் போக விலை. நாடக மண்டபத்தில் இது தலைகீழ். முன்னால் விலை, பின்னால் மலிவு. இதைக் குழப்பிக்கொண்டு "முன்வரிசை மலிவாக இருக்கிறது" என்று துள்ளியவள்தான் நான்.

இனிப் படங்களுக்கு வருவோம். இன்று எம்மில் பலரிடம், அல்லது எமது பிள்ளைகளிடம், படம் பார்க்கக்கூடிய கைத்தொலைபேசி இருக்கிறது. கூகுள் வரைபடத்தில் ஒரு மண்டபத்தின் பெயரைத் தட்டினால் அங்கு போனவர்கள் போட்ட படங்களும் கருத்துகளும் வரும். முகநூலிலும் வரும். இவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் மண்டபம் அழகா என்றுதான் பார்க்கிறார்கள். எமக்கு வேண்டியது அதுவல்ல. மண்டபத்துக்காரர் போட்ட படங்களைத் தள்ளிவிடுங்கள். அவை ஆளில்லாத நேரம், எல்லா விளக்கும் போட்டு, மேடையிலிருந்து கதிரைகளைப் பார்த்து எடுத்தவை. கதிரையிலிருந்து மேடையைப் பார்த்து எடுத்த படம்தான் எமக்குப் பயன்படும். அதில் முன்னால் இருப்பவர்களின் தலைகள் தெரியும். அந்தத் தலைகளை எண்ணுங்கள். எத்தனை வரிசை தாண்டி எடுத்தது என்று தெரிந்துவிடும். தலைகள் மேடையின் விளிம்பை மறைக்கின்றனவா என்று பாருங்கள். மறைத்தால் அந்த மண்டபத்தின் தரை சரிவில்லாத தட்டையான தரை. அங்கு பத்தாம் வரிசையில் இருந்து பரதநாட்டியம் பார்த்தால் ஆடுபவரின் இடுப்புக்கு மேல்தான் உங்களுடையது. கால் அசைவு முன்னால் இருப்பவருடையது.

இன்னொரு நுணுக்கம். கைத்தொலைபேசியில் சாதாரணமாக எடுத்த படம் மேடையை உள்ளதைவிடத் தூரமாகக் காட்டும். பெருப்பித்து எடுத்த படம் கிட்டவாகக் காட்டும். ஆகவே தூரத்தைப் படத்தில் நம்பாமல், மறைப்புகளை மட்டும் நம்புங்கள். தூண், பல்கனிக் கைப்பிடிக் கம்பி, தொங்கும் காற்றாடி, ஒலிபெருக்கிப் பெட்டி ஆகியவை எந்தப் படத்திலும் பொய் சொல்லமாட்டா. பல்கனியின் முதல் வரிசை நல்லது என்பார்கள். ஆனால் கம்பி கண் மட்டத்தில் வந்தால், எம்மைப் போன்ற கட்டையானவர்கள் இரண்டரை மணித்தியாலமும் கம்பிக்கு மேலாலும் கீழாலும் எட்டிப் பார்க்க வேண்டியதுதான். படத்தின் திகதியையும் பாருங்கள். கதிரை மாற்றி, மேடை திருத்தியிருந்தால் பழைய படம் உதவாது.

படத்தைவிட யூரியூப்பில் பார்வையாளர் எடுத்துப் போட்ட காணொளி எனக்குப் பிடிக்கும். பத்து நிமிடம் ஒரே கதிரையிலிருந்து எடுத்திருப்பார்கள். அதில் வசனம் தெளிவாகக் கேட்கிறதா, எதிரொலிக்கிறதா, பக்கத்தில் மின்பிறப்பாக்கி இரைகிறதா, பிள்ளைகள் அழும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் தெரியும்.

கருத்துகளை வாசிப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். ஐந்து நட்சத்திரம் போட்டு "சூப்பர்" என்று எழுதியவரால் எமக்கு ஒன்றும் இல்லை. ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டியவர் பலவேளை வாகனத் தரிப்பிடத்தில் சண்டை பிடித்தவராக இருப்பார். மூன்று நட்சத்திரம் போட்டவர்களைத் தேடுங்கள். அவர்கள்தான் "பாட்டு நன்று, ஆனால் பல்கனிக்குக் கீழே இருந்ததால் சத்தம் அமுங்கிக் கேட்டது" என்பது போல எழுதுவார்கள். நாடகம் பிடிக்காததால் மண்டபத்தைத் திட்டுபவர்களும் உண்டு. மண்டபம் பிடித்ததால் நாடகத்தைப் புகழ்பவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்து வாசியுங்கள். பெண்கள் எழுதியதைத் தனியாகத் தேடி வாசிப்பது என் வழக்கம். மலசலகூடம் எங்கே, இடைவேளையில் வரிசை எவ்வளவு, இரவு வெளியே வந்தால் வெளிச்சம் இருக்கிறதா என்று அவர்கள்தான் எழுதுகிறார்கள். ஆண்கள் எழுதிய இருபது கருத்துகளை வாசித்தும் மலசலகூடம் எங்கே என்று எனக்குக் கிடைத்ததில்லை.

எமது ஊர் மண்டபங்களுக்கென்று ஒரு தனிக் குணம் இருக்கிறது. முதல் வரிசை சோபா. அது பிரதம விருந்தினருக்கும் சிறப்பு விருந்தினருக்கும். அவர்கள் பிந்தித்தான் வருவார்கள். வந்ததும் மாலை, பொன்னாடை, படம் எடுத்தல். இரண்டாம் வரிசை அவர்களோடு வந்தவர்களுக்கு. அதற்குப் பின்னால் நடுவழியில் வீடியோக்காரர் முக்காலியை நாட்டிக்கொண்டு நிற்பார். ஆகவே காசு கொடுத்து மூன்றாம் நான்காம் வரிசை நடுவில் இருப்பவர் நாடகத்தை வீடியோக்காரரின் முதுகினூடாகப் பார்க்க வேண்டியிருக்கும். இது எந்த இருக்கை வரைபடத்திலும் இல்லை. ஏற்பாட்டாளரிடம் "கமரா எங்கே நிற்கும்?" என்று கேட்டால்தான் தெரியும். நான் இப்போது எப்போதும் கேட்கிறேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் மட்டும் கமராவை ஓரத்துக்கு மாற்றினார்.

வெளியூர் மண்டபங்களைப் பற்றிச் சிறிது. கொழும்பில் லயனல் வென்ட் அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. அறுநூற்றுச் சொச்சம் இருக்கைகள். அந்த அளவு மண்டபத்தில் பின்வரிசையிலும் நடிகரின் முகம் ஓரளவு கிடைக்கும். அங்கு மலிவான ரிக்கற் எடுப்பதில் பெரிய நட்டமில்லை. 2011 டிசம்பரில் திறக்கப்பட்ட தாமரைத் தடாக அரங்கு, அதாவது நெலும் பொக்குண, ஏறத்தாழ 1,300 பேர் கொள்ளும். அவ்வளவு பெரிய இடத்தில் பின்னால் மேலே இருந்தால் கூட்டமாக ஆடும் நடனம் அழகாகத் தெரியும், தனி ஒருவர் பேசும் நாடகத்தில் முகம் ஒரு புள்ளியாகிவிடும். யாழ்ப்பாணத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட கலாசார மையத்தின் அரங்கும் அறுநூறு பேர் அளவுதான். 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டினார்கள். மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மாணவர்கள் நாடகம் போடுவார்கள். மார்ச் 27 உலக நாடக தினம் என்பதால் அந்தக் காலத்தில் விசாரித்துப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு இப்போது பாதைப் படகில் காத்திருக்கத் தேவையில்லை. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறந்த பின் அந்தப் பயணமே மாறிவிட்டது. அதற்கு முன்னர் மாலை நாடகம் என்பது எமக்கு இரவு தங்கல் என்றுதான் பொருள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது எந்தக் கதிரை என்பதல்ல, என்ன பார்க்கப் போகிறோம் என்பது. பேச்சு நாடகம் என்றால் முகமும் குரலும் வேண்டும். ஐந்தாம் வரிசையிலிருந்து பத்தாம் வரிசைக்குள் நடுப்பகுதி. நடனம் என்றால் பாதம் தெரிய வேண்டும். கொஞ்சம் பின்னால், தரை உயரும் இடம். கூத்து என்றால் ஆட்டக்கோலம் வேண்டும். அதற்கு மேல்மாடி முன்பகுதியே சிறந்தது, அது மலிவும்கூட. சங்கீதம் என்றால் கண் எப்படியும் போகட்டும், பல்கனியின் அடியில் மட்டும் இருக்காதீர்கள். சென்னையில் மார்கழிக் கச்சேரிக் காலத்தில் பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிக்கு ரிக்கற்றே இல்லை, மாலைக் கச்சேரிக்குத்தான் விலை. விசயம் தெரிந்தவர்கள் பிற்பகலில் போய் எந்தத் தூணடியில் சத்தம் நன்றாக விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு மாலைக்கு ரிக்கற் எடுப்பார்களாம். எனக்கு அவர்களைப் பிடிக்கிறது.

லண்டனில் இருக்கும் என் சித்தியின் மகள் ஒருத்தி இதில் என் குரு. அங்கே சீற்பிளான் என்று ஓர் இணையத்தளம் இருக்கிறதாம். நாடகம் பார்த்தவர்கள் தாம் இருந்த கதிரையின் இலக்கத்தோடு, அங்கிருந்து மேடை எப்படித் தெரிந்தது என்ற படத்தையும் போடுகிறார்கள். கால் வைக்க இடம் உண்டா என்பதற்கும் தனியாகப் புள்ளி. அவள் லைசியம் அரங்கில் 'லயன் கிங்' பார்க்கப் போனபோது, தொடக்கக் காட்சியில் மிருக வேடக்காரர்கள் கீழ்த்தள நடைவழியால் மேடைக்குப் போவார்கள் என்று கருத்துகளில் வாசித்து, நடைவழியோரக் கதிரை எடுத்திருக்கிறாள். யானை தன் தோளை உரசாத குறையாகப் போனது என்று எழுதியிருந்தாள். அந்த நாடகம் 1999இலிருந்து அங்கே ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு கதிரைக்கும் பலர் படம் போட்டிருப்பார்கள். எமது மண்டபத்தில் ஒரு நாடகம் ஒரு நாள் நடக்கிறது, மறுநாள் கல்யாணம் நடக்கிறது. ஆகவே எமக்கு நாங்களேதான் அந்தத் தளம்.

அவள் சொல்லித் தந்த இன்னொன்று காசு மிச்சம் பிடிக்கும் வழி. ரிக்கற் விற்கும் இடத்தில் இருக்கை வரைபடம் நிறம் நிறமாக இருக்கும். ஒரு நிறம் ஒரு விலை. விலை கூடிய நிறத்தின் கடைசி வரிசைக்கும் விலை குறைந்த நிறத்தின் முதல் வரிசைக்கும் இடையில் இருப்பது ஒரு முழம். பார்வையில் வித்தியாசமே இல்லை. விலையில்தான் வித்தியாசம். மலிவு நிறத்தின் முதல் வரிசை நடு என்பதை நினைவில் வைத்திருங்கள். அது விரைவில் முடிந்துவிடும். ஆகவே ரிக்கற் விடும் அன்றே எடுக்க வேண்டும்.

காசுக் கணக்கை முழுதாகப் போடுங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மலிவு ரிக்கற் 500 ரூபா, நடு ரிக்கற் 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 2,000 ரூபா, அன்று போகாத கூலி ஒரு 2,000 ரூபா என்று பார்த்தால், ஒன்றும் தெரியாத கதிரைக்கு 4,500 ரூபா, நன்றாகத் தெரியும் கதிரைக்கு 5,000 ரூபா. அந்த 500 ரூபாவை மிச்சம் பிடிக்கப்போய் 4,500 ரூபாவை வீணாக்கியதுதான் 2018இல் நான் செய்தது. அதே நேரம் 3,000 ரூபா முன்வரிசைக்கு ஆசைப்படவும் வேண்டாம். அங்கே கழுத்துத்தான் நோகும். காசு போதாவிட்டால் இரண்டு முறை போவதை ஒரு முறையாக்குங்கள். அல்லது எமது பட்டினத்திலேயே பாடசாலை மண்டபங்களில் இலவசமாக நடப்பதற்கு நேரத்தோடு போய் இடம் பிடியுங்கள். பாய் விரிப்பதற்குப் பதில் கைப்பை வைக்கலாம், அவ்வளவுதான்.

இனி எந்த வரைபடத்திலும் இல்லாத விசயம். குழுவாகப் போகும்போது எல்லோருக்கும் ஒரே வரிசை வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கிறோம். அது தேவையில்லை. இடது காது கேளாதவருக்கு மண்டபத்தின் இடது பக்கம் கொடுங்கள், அப்போது நல்ல காது மேடையைப் பார்க்கும். வலது காது கேளாதவருக்கு வலது பக்கம். இடது கால் மடக்க முடியாதவருக்கு, தன் இடப்பக்கத்தில் நடைவழி இருக்கும் கதிரை. எந்தக் கால் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். இருட்டும் அடைசலும் தாங்காதவருக்குப் பின்னால், கதவோரம், வெளிச்சம் கசியும் இடம். பக்கத்தில் அவர் நம்பும் ஒருவர். "நினைத்தவுடன் எழும்பிப் போகலாம்" என்று தெரிந்தால் பலர் எழும்பிப் போவதே இல்லை. முன்னதாக ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் அழைத்து வெடிச்சத்தம் உண்டா, விளக்கு வெட்டி வெட்டி எரியுமா, எத்தனையாவது நிமிடத்தில் என்று கேளுங்கள். வெளிநாட்டு அரங்குகளில் இதை வாசலிலேயே எழுதி ஒட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. இங்கே கேட்டால் "என்ன மிஸ், நாடகம்தானே" என்பார்கள். கேளுங்கள். முன்பே தெரிந்த சத்தம் பாதிச் சத்தம்.

கருத்துகளையும் இதே கண்ணோடு வாசிக்க வேண்டும். "அதிரடி ஒலியமைப்பு, நெஞ்சு நடுங்கியது" என்று ஒருவர் புகழ்ந்து எழுதியிருந்தால் அது எமக்கு எச்சரிக்கை. 1985இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' போன்ற நாடகங்கள் எமது துயரையே மேடைக்குக் கொண்டு வந்தன. பார்த்து அழுது ஆறியவர்கள் உண்டு. பார்க்க இயலாதவர்களும் உண்டு. எதைப் பார்ப்பது என்று தெரிந்து கொண்டு போவதுதான் முறை. தெரியாமல் போய் மாட்டிக்கொள்வது வேறு.

நாமும் படம் எடுத்து அடுத்தவருக்கு உதவலாம். ஆனால் ஒன்று கவனியுங்கள். நாடகம் தொடங்க முன், விளக்கு எரியும்போது ஒரே ஒரு படம். மேடையை மட்டும். பக்கத்தில் இருக்கும் பெண்களின் முகம் விழக்கூடாது. எமது குழுவில் ஒருவரின் படம், அவர் வாய்விட்டுச் சிரித்த நேரத்தில் எடுத்தது, யாரோ முகநூலில் போட்டு, மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. "புருசன் காணாமல் போனவளுக்குச் சிரிப்பென்ன?" என்று கேட்டார்கள். அவர் இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. நான் மூன்று முறை வீட்டுக்குப் போனேன். மாமியாரோடு பேசினேன். அதைப் பற்றி இன்னொரு மாதம் விரிவாக எழுத வேண்டும். கேட்டவரை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன், அவரும் மகனைத் தேடும் தாய். ஆனால் அன்று பிழை செய்தவர் படம் போட்டவர்தான், சிரித்தவர் அல்ல.

2018க்குப் பிறகு நாங்கள் மூன்று முறை போயிருக்கிறோம். கொரோனாக் காலத்தில் எதுவுமில்லை, 2022இல் பஸ்ஸுக்கே வழியில்லை. பிறகு போன முதல் தடவை, வாரம் முழுக்கப் படங்களையும் காணொளிகளையும் பார்த்து, பதினாறு பேரையும் நான்கு இடமாகப் பிரித்து ரிக்கற் எடுத்தேன். எல்லாம் சரியாக அமைந்தது என்று எழுத ஆசைதான். செயற்கைக் கால் போட்டவருக்கு எடுத்த நடைவழிக் கதிரையை இடைவேளைக்குப் பின் யாரோ ஒரு தாய் கைக்குழந்தையோடு பிடித்துவிட்டார். எமது அக்கா எழுப்பவில்லை. படியில் இருந்து பார்த்தார். முரசுக்குப் பயந்த தங்கச்சி கடைசி வரிசையில் கதவோரம் இருந்தா. இரண்டு முறை வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி உள்ளே வந்தா. முடிவு வரை இருந்தா. கதை என்ன என்று பஸ்ஸில் எனக்கு விளங்கப்படுத்தியது அவதான், நான் அவவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் பாதிக் கதை எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து குழுவில் ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறோம். சேமிப்புக் கொப்பிக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும். போய் வந்த ஒவ்வொருவரும் மண்டபம், வரிசை, எந்தப் பக்கம், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல மற்றவர் எழுதுவார். மூதூர்ச் சகோதரிக்கு அதிலிருந்து சில வரிகளைப் படியெடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர் பார்த்த தூண் எந்த வரிசையில் நிற்கிறது என்று பதில் எழுதும்படியும் கேட்டிருக்கிறேன். உங்களிடமும் அப்படிக் குறிப்புகள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், வரிசையும் பக்கமும் போதும்.

கொப்பியில் கடைசியாக இருக்கும் குறிப்பு, இடது காது கேளாத அக்கா சொல்ல அவருடைய பேத்தி எழுதியது: "எச் வரிசை, இடது பக்கம், மூன்றாவது. பாட்டு எல்லாம் கேட்டது. பேச்சு முக்கால்வாசி கேட்டது. முன்னால் இருந்தவ கொண்டை போட்டிருந்தா, பிறகு சாய்ந்து நித்திரை கொண்டா, அதனால் நல்லாத் தெரிந்தது. குளிரூட்டி நேரே மேலே. அடுத்த முறைக்கு ஒரு துவாய் கொண்டு போக வேணும்."